துந்திராவுல பச்சை எவ்ளோன்னு எண்ணுறது

ஒரு சதுர மீட்டர் துந்திரா தரை, அதாவது மரமே வளராத துருவப் பக்கத்துக் குளிர் நிலம், மேல இருந்து நேரா கீழ பாத்து எடுத்த போட்டோ. ஓரத்துல வெள்ளை பிவிசி பைப்புல செஞ்ச சட்டம் தெரியும், ஒரு மூலையில யாரோட பூட்ஸ் நுனியோ எட்டிப் பாக்கும், நடுவுல பழுப்பு, சாம்பல், கொஞ்சூண்டு பச்சை, அங்கங்க கருப்பு. இதுல எத்தனை சதவீதம் பாசி (மாஸ்), எத்தனை சதவீதம் லைக்கன் (பூஞ்சையும் ஆல்காவும் சேந்து வாழுற, தரையிலயும் பாறையிலயும் படர ஒண்ணு), எவ்ளோ செத்த இலை, எவ்ளோ வெறும் கல்லுன்னு சொல்லணும். இதான் கொஞ்ச காலமா என் ராத்திரி வேலை. பகல்ல ஆபீஸ், சாயங்காலம் பிள்ளைங்க, பத்து மணிக்கு மேல பார்ட் டைம் மாஸ்டர்ஸ் ப்ராஜெக்ட்டுக்காக இந்த லேபிள் போடுறது, அத வச்சுத்தான் கம்ப்யூட்டர் மாடல் கத்துக்கும்.

செங்காங்ல வீவக வீடு, வெளிய ராத்திரியிலயும் புழுக்கம், ஃபேன் சுத்திக்கிட்டு இருக்கு, ஸ்கிரீன்ல ஸ்வால்பார்ட், ஆர்க்டிக்ல இருக்குற நார்வேயோட தீவுக்கூட்டம். எங்க அத்தை, அதாவது வீட்டுக்காரரோட அம்மா, ஒரு நாள் பின்னாடி வந்து நின்னு பாத்துட்டு, "ஏம்மா, பனிப் பிரதேசம்னு சொன்ன, பனியவே காணோமே"ன்னு கேட்டாங்க. சரியான கேள்வி. பனி உருகின அப்புறம் அடியில என்ன இருக்குங்கறதுதான் இங்க விஷயமே. ஜூன்ல உருக ஆரம்பிச்சு செப்டம்பர்ல திரும்ப மூடுறதுக்கு நடுவுல கிடைக்கிற கொஞ்ச வாரம், அதுலயும் செடி முழுசா இலை விட்டு நிக்கிறது ஜூலை நடுவுல இருந்து ஆகஸ்ட் ஆரம்பம் வரைக்கும்தான், அந்த இடைவெளியில மேகம் இல்லாம ஒரு படம் கிடைச்சா அதிர்ஷ்டம்.

தரை மேல என்ன மூடியிருக்குன்னு தெரிஞ்சு என்ன ஆகப் போகுதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. நிறைய ஆகும். புதுப் பனி அது மேல விழுற வெயில்ல 80, 90 சதவீதத்த அப்படியே திருப்பி அனுப்பிடும், பனி போன துந்திரா 20 சதவீதம் கூட அனுப்பாது. அதுலயும் பாசியும் புல்லும் இருந்த இடத்துல முழங்கால் உயரத்துக்கு வில்லோ புதர் வந்துடுச்சுன்னா கணக்கே மாறிடும், ஏன்னா அந்தக் குச்சிங்க வசந்த காலத்துல பனிக்கு மேல கருப்பா நீட்டிக்கிட்டு வெயில வாங்கி சுத்தியிருக்குற பனிய சீக்கிரம் உருக்கும், ஆனா அதே புதர் குளிர்காலத்துல காத்துல பறக்குற பனிய பிடிச்சு வச்சுக்கிட்டு மண்ண ரொம்ப குளிர விடாம பாத்துக்கும், கோடை வந்தா நிழல் குடுத்து மண்ண சூடாக விடாது. ஒரே செடி, மூணு விதமான வேலை. அதுக்குக் கீழ உறைஞ்ச மண்ணு, பெர்மாஃப்ராஸ்ட், அதுக்குள்ள 1,400ல இருந்து 1,600 பில்லியன் டன் கார்பன், இப்ப காத்து மண்டலத்துல இருக்குற மாதிரி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 1979க்கு அப்புறம் ஆர்க்டிக் பகுதி உலக சராசரிய விட ஏறக்குறைய நாலு மடங்கு வேகமா சூடாகியிருக்கு. அப்ப மேல இருக்குறது பாசியா புதரா வெறும் மண்ணான்னு தெரியாம கீழ எவ்ளோ உருகும்னு யாரும் சொல்ல முடியாது.

சிங்கப்பூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, நான் அலாஸ்கா புதருக்கும் ஈஸ்ட் கோஸ்ட் கடலுக்கும் நேர் கோடு போட மாட்டேன், அப்படி போடுறவங்கள பாத்தா எனக்கே எரிச்சலா இருக்கும். நடுவுல கார்பன், காத்து மண்டலம், கிரீன்லாந்து, அண்டார்ட்டிகா பனிப்படலம்னு நிறைய படி இருக்கு. ஆனா தீவுல சுமார் 30 சதவீதம் நிலம் கடல் மட்டத்துல இருந்து 5 மீட்டருக்கும் கீழதான் இருக்கு, 2013ல இருந்து ஆர்க்டிக் கவுன்சில்ல, அதாவது ஆர்க்டிக் நாடுங்களோட கூட்டமைப்புல, சிங்கப்பூர் பார்வையாளர் நாடா உக்காந்திருக்கு, இந்தியாவும் அதே வருஷம்தான் சேந்துச்சு. சும்மா போய் உக்காரல.

சரி, வேலைக்கு வரேன்.

படமெல்லாம் வரதுக்கு முன்னாடி இத எப்படி பண்ணாங்கன்னா, முழங்கால் போட்டு. இன்னிக்கும் பண்றாங்க. 1990ல ஆரம்பிச்ச ஐடெக்ஸ்னு ஒரு கூட்டு முயற்சி, அலாஸ்கா, கனடா, ஸ்வீடன், ஸ்வால்பார்ட்னு பல இடத்துல ஒரே முறைப்படி அளக்குறாங்க. ஒரு சட்டத்துல நூல் கட்டி கட்டம் போட்டு, நூறு புள்ளியில ஒரு மெல்லிசு கம்பிய நேரா கீழ இறக்குவாங்க, கம்பி நுனி எந்தச் செடிய தொடுதோ அத எழுதுவாங்க. மேல வில்லோ இலை, அதுக்கு அடியில செத்த இலை, அதுக்கும் அடியில பாசின்னு ஒரே புள்ளியில மூணு தொடுதல் வரும், மூணையும் எழுதுவாங்க. அதனால எல்லாத்தையும் கூட்டினா நூறு சதவீதத்த தாண்டும். குளிர்ல, கொசுக்கடியில (துந்திரா கொசுவ பத்தி தனியா ஒரு பதிவு எழுதலாம், நம்ம ஊரு கொசுவே தேவலாம்னு போயிட்டு வந்தவங்க சொல்றாங்க) ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கணக்கா ஆகும்.

போட்டோ எடுத்தா ஒரு நிமிஷம். ஆனா போட்டோவுக்கு மேல இருக்குறது மட்டும்தான் தெரியும், இலைக்கு அடியில இருக்குற பாசி அதோட கண்ணுக்கு கிடையவே கிடையாது. இது ஏதோ கேமரா சரியில்லாததால வர குறை இல்ல, எவ்ளோ விலையுள்ள கேமராவா இருந்தாலும் சாட்டிலைட்டா இருந்தாலும் இதே கதைதான். புதர் அடர்ந்து வர இடத்துல பாசி குறைஞ்ச மாதிரி படம் சொல்லும், கம்பி இறக்கிப் பாத்தா பாசி அங்கேயேதான் இருக்கும். ரெண்டு முறையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு செஞ்சாத்தான் இந்த வித்தியாசம் எவ்ளோன்னு பிடிபடும்.

மொத்த ஆர்க்டிக்குக்கும் சேத்து ஒரு செடி மேப் 2003லதான் வந்துச்சு. அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகத்து ஸ்கிப் வாக்கர் முன்னாடி நிக்க, பல நாட்டுக்காரங்க சேந்து செஞ்சது. சாட்டிலைட் படத்த பொய் நிறத்துல, அதாவது செடி எல்லாம் சிவப்பா தெரியுற மாதிரி, பெரிசா பிரிண்ட் பண்ணி வச்சுக்கிட்டு, அந்தந்தப் பகுதிய நடந்து தெரிஞ்சு வச்சிருந்த ஆளுங்க கையால எல்லை வரைஞ்சாங்க. 15 செடி வகை, அளவு 75 லட்சத்துக்கு 1. மரம் வளர எல்லைக்கு வடக்க கிட்டத்தட்ட 71 லட்சம் சதுர கிலோமீட்டர், பனியாறு போக மிச்சம் சுமார் 50 லட்சத்துல செடி. 2019ல அதையே கம்ப்யூட்டர வச்சு ஒரு கிலோமீட்டர் கட்டமா பிரிச்சு புதுசா வெளியிட்டாங்க. பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சு பாத்தா எனக்கு பழசு மேலதான் மரியாதை கூடுது. கோடு போட்டவங்களுக்கு அந்தச் சரிவுல என்ன நிக்குதுன்னு கால் வழியா தெரிஞ்சிருக்கு.

கம்ப்யூட்டர் எப்படி பாக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், தெரிஞ்சவங்க இந்தப் பத்திய தாண்டிப் போயிடுங்க. பச்சை இலை சிவப்பு வெளிச்சத்த விழுங்கிடும், குளோரோஃபில்லோட சாப்பாடு அது. நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்ப, சிவப்புக்கு அடுத்து இருக்குற அலைய, இலை பயங்கரமா திருப்பி அடிக்கும். திரும்பி வர அகச்சிவப்புல இருந்து திரும்பி வர சிவப்ப கழிச்சு, ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா ஒரு எண் வரும், என்டிவிஐ. நல்ல செழிப்பான இடத்துல 0.7, 0.8ன்னு வரும், வெறும் மண்ணுல 0.1 பக்கம், தண்ணியில மைனஸ்ல போகும். நிலத்த படம் எடுக்குற அமெரிக்க சாட்டிலைட் வரிசையில முதல் லேண்ட்சாட் 1972ல மேல போன கொஞ்ச நாள்லயே அமெரிக்காவோட கிரேட் ப்ளெய்ன்ஸ் புல்வெளிக்காக செஞ்ச கணக்கு இது. மாடு மேயுற சமவெளிக்கு தச்ச சட்டைய துந்திராவுக்கு மாட்டி விட்டிருக்கோம், தோள் பட்டையில இடிக்கத்தான் செய்யும்.

எங்க இடிக்குதுன்னா, முதல்ல லைக்கன். அத்தைதான் இதையும் கேட்டாங்க, "அது என்னம்மா சாம்பல் மாதிரி, யாராவது கொட்டிட்டுப் போயிட்டாங்களா?" அத்தை, நீங்க கறிக்குழம்புக்கு தாளிக்கப் போடுறீங்களே கல்பாசி, தேக்காவுல பாக்கெட் போட்டு விக்குறது, அதோட சொந்தக்காரங்க இதுன்னு சொன்னேன். நம்பவே இல்ல, டப்பாவ எடுத்துட்டு வந்து ஸ்கிரீன் பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. கல்பாசி நிஜமாவே லைக்கன்தான், பூஞ்சையும் ஆல்காவும் சேந்து குடித்தனம் பண்றது. ஆர்க்டிக்ல கிளடோனியா வகை லைக்கன் வெளிர் மஞ்சளா, வெள்ளையா மெத்தை மாதிரி பரவிக் கிடக்கும், குளிர்காலத்துல ரெயின்டீருக்கு இதுதான் முக்கியமான தீனி, பனிய குளம்பால தோண்டி எடுத்து தின்னும். வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்தான் வளரும், ஒரு தடவ மேஞ்சோ மிதிபட்டோ போச்சுன்னா திரும்ப வர பத்து இருவது வருஷம், சில இடத்துல அதுக்கும் மேல ஆகும். ஆனா பச்சை கம்மி, அதனால என்டிவிஐ இத கிட்டத்தட்ட வெறும் தரைன்னு நினைச்சுக்கும்.

இப்ப லைக்கன் மெத்தை இருந்த இடத்துல புதர் வந்தா எண் மேல ஏறும். "ஆர்க்டிக் பசுமையாகுது"ன்னு தலைப்பு வரும். படிக்கிறவங்களுக்கு மரம் நட்ட செய்தி மாதிரி இருக்கும். அங்க குளிர்காலத் தீனிய நம்பி இருக்குற மிருகத்துக்கு அது வேற செய்தி. பசுமையாகறது பொய்னு சொல்லல, லேண்ட்சாட் படத்த வச்சு 1985ல இருந்து 2016 வரைக்கும் பாத்த ஒரு ஆய்வுல, அவங்க எடுத்துக்கிட்ட இடங்கள்ல சுமார் 37 சதவீத இடத்துல பச்சை கூடியிருக்கு, பச்சை குறைஞ்ச இடம் 5 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழ. அலாஸ்காவுல இதுக்கு நேரடி சாட்சியே இருக்கு: 1940களோட கடைசியில எண்ணெய் தேடுறதுக்காக விமானத்துல இருந்து எடுத்த கருப்பு வெள்ளை போட்டோக்கள தேடிப் பிடிச்சு, மாத்யூ ஸ்டர்மும் கென் டேப்பும் அவங்க கூட இருந்தவங்களும் அம்பது வருஷம் கழிச்சு ஹெலிகாப்டர்ல அதே இடத்துக்குப் போய் அதே கோணத்துல திரும்ப எடுத்தாங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சா ஆத்தங்கரை ஓரமா ஆல்டர் புதர் கொழுத்து நிக்கிறது எந்த கணக்கும் போடாமலே தெரியும். என்னைக் கேட்டா இந்தத் துறையில வந்த படங்கள்லயே நேர்மையான படம் அதுதான். எண் கூடுச்சுங்கறது ஒண்ணு, எது போய் எது வந்துச்சுங்கறது இன்னொண்ணு, ரெண்டாவதுக்குத்தான் தரைய வகை வகையா பிரிச்சு மேப் போட வேண்டியிருக்கு.

பாசி இன்னொரு தலைவலி. ஈரமா இருந்தா நல்ல பச்சை, ரெண்டு நாள் காத்தடிச்சு காஞ்சா வெளுத்துடும். மழை பெஞ்ச மறுநாள் எடுத்த படமும் ஒரு வாரம் காஞ்ச அப்புறம் எடுத்த படமும் ஒரே இடத்துக்கு ரெண்டு பதில் சொல்லும். செத்த இலையும் சும்மா இருக்காது, ட்ரையாஸ்னு ஒரு குட்டிச் செடி, பழைய இலைய வருஷக்கணக்கா உதிர்க்காமலே வச்சுக்கிட்டு நிக்கும், உயிரோட இருக்குற செடியில பாதிக்கு மேல பழுப்பு. அத "செடி"ன்னு லேபிள் போடுறதா "செத்த இலை"ன்னு போடுறதா? எங்க குரூப்புல இதுக்கு ஒரு சாட்டே ஓடிச்சு. நான் செடின்னு போடணும்னேன், கூட படிக்கிற மலாய்க்காரப் பொண்ணு, அவ ரொம்ப கறார், கேமராவுக்கு என்ன தெரியுதோ அதத்தான் போடணும், உனக்கு தாவரவியல் தெரியுங்கறதுக்காக கேமராவுக்கும் தெரியும்னு நினைக்காதன்னா. சூப்பர்வைசர் அவ பக்கம் போயிட்டாரு. எனக்கு இன்னும் மனசு ஒப்பல, ஆனா விதி விதிதான், எல்லாரும் ஒரே மாதிரி போட்டாத்தான் மாடல் கத்துக்கும்.

வெயில் கோணம் அடுத்தது. ஸ்வால்பார்ட்ல நி-ஒலெசுன்னு ஒரு ஆராய்ச்சி ஊரு இருக்கு, வடக்க 79 டிகிரி பக்கம், இந்தியாவோட ஹிமாத்ரி நிலையம் கூட 2008ல இருந்து அங்கதான். அங்க வருஷத்துலயே உச்சமான வெயில் நாள்ல, மத்தியானத்துல, சூரியன் அடிவானத்துக்கு மேல 34 டிகிரிதான் ஏறும். ஆகஸ்ட் கடைசியில 21 பக்கம் இறங்கிடும். நம்ம ஊரு நாலரை மணி வெயில்தான் அங்க உச்சி வெயில். அதனால சின்னக் கல்லு கூட நீளமா நிழல் போடும், வடக்கு பாத்த மலைச்சரிவு பூரா இருட்டு. நிழல்ல இருக்குற பாசிய மாடல் தண்ணின்னு சொல்லும், தண்ணிய நிழல்னு சொல்லும். இதுக்கு மலையோட உயர மேப்ப வச்சு வெளிச்சத்த திருத்தணும், மினசோட்டா பல்கலைக்கழகத்துல செஞ்ச ஆர்க்டிக்டெம் 2 மீட்டர் கட்டத்துல இலவசமா கிடைக்குது, அது இல்லாத காலத்துல என்ன பண்ணாங்களோ.

பனியையும் மேகத்தையும் பிரிக்கிறது மட்டும் ஈசி. ரெண்டும் கண்ணுக்கு வெள்ளை, ஆனா குறு அலை அகச்சிவப்புல பனி கருப்பாயிடும், மேகம் வெளுப்பாவே இருக்கும். மேகம்னு தெரிஞ்சா போதுமா, அத தள்ளி வைக்க முடியாதே. இந்த விஷயத்துல ஆர்க்டிக்காரங்க படுற கஷ்டம் நமக்கு நல்லாவே புரியும், சிங்கப்பூர முழுசா மேகமில்லாம காட்டுற சாட்டிலைட் படம் ஒண்ணு தேடிப் பாருங்க, கண்ணு பூத்துடும். அதனாலதான் போல, 2023ல ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து சிங்கப்பூர் அனுப்பின டெலியோஸ்-2வுல ரேடார் வச்சாங்க, மேகத்த தாண்டி பாக்கும். ஆனா ஒரு வேடிக்கை, அதுவும் 2015ல போன டெலியோஸ்-1ம் பூமத்திய ரேகைய ஒட்டியே சுத்துற சாட்டிலைட்டுங்க, துருவத்த எட்டிக் கூட பாக்காது. நம்ம சாட்டிலைட்டுக்கு தெரியாத இடத்த நான் ஐரோப்பாக்காரங்க சாட்டிலைட்டுல பாத்துக்கிட்டு இருக்கேன். சென்டினல்-2 மாதிரி துருவத்த ஒட்டி சுத்துறதுங்க எல்லா பாதையும் மேல போய் நெருங்குறதால, அங்க நம்மள விட அடிக்கடி படம் எடுக்கும். அப்படியும் ஒரு கோடையில உருப்படியா தேறுறது கையளவு.

இப்ப பிக்சல். இங்கதான் எனக்கு சொல்லணும்னு இருக்குறது மொத்தமும்.

துந்திராவோட பல இடத்துல தரை பலகோணம் பலகோணமா வெடிச்சிருக்கும், குளிர்ல மண்ணு சுருங்கி வெடிச்சு, வெடிப்புல தண்ணி இறங்கி உறைஞ்சு, வருஷா வருஷம் அந்த பனி ஆப்பு பெருசாகி வர அமைப்பு. ஒவ்வொண்ணும் பொதுவா 10ல இருந்து 30 மீட்டர் அகலம். நடுவுல பள்ளம், தண்ணி தேங்கி செட்ஜ் புல்லு, ஓரம் மேடு, அதுல காஞ்ச லைக்கனும் குட்டை புதரும், ஓரத்துக்கு வெளிய வாய்க்கால் மாதிரி ஈரம், அதுல பாசி. லேண்ட்சாட் பிக்சல் 30 மீட்டர். அதாவது ஒரு முழு பலகோணம், அதோட ஈரம், காய்ஞ்சது, புல்லு, லைக்கன் எல்லாம் சேந்து ஒரே ஒரு எண். அந்த எண்ணுக்கு நாம "ஈரப் புல்வெளி"ன்னு பேர் வைக்கிறோம். அந்த பிக்சலுக்குள்ள அப்படி ஒரு சராசரி நிலம் எங்கயுமே இல்ல, ஒரு பக்கம் குளம் ஒரு பக்கம் மேடு. சென்டினல்-2 10 மீட்டர்ல கொஞ்சம் பிரிக்கும். ட்ரோன் பறக்க விட்டா சென்டிமீட்டர் கணக்குல தெரியும். கனடாவோட யூகான் கரையில ஹெர்ஷல் தீவுன்னு ஒண்ணு, அந்த மக்கள் கிகிக்தாருக்னு கூப்பிடுற இடம், அங்க ஐலா மையர்ஸ்-ஸ்மித் குழு ட்ரோன், சாட்டிலைட், தரையில வச்ச கேமரா எல்லாத்தையும் ஒரே இடத்துக்கு வச்சுப் பாத்துட்டு வராங்க. 2020ல அவங்களும் இன்னும் பலரும் சேந்து எழுதினது, ஆர்க்டிக் பசுமைங்கறது எந்த அளவுல பாக்குறோம்ங்கறத பொறுத்து மாறுதுன்னு. அளவுகோல மாத்தினா விடையும் மாறுது, செடி அதே செடிதான்.

அப்ப எல்லா இடத்துலயும் ட்ரோன் விட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. குளிர்ல பேட்டரி சீக்கிரம் படுத்துடும், காந்த துருவத்துக்கு பக்கத்துல காம்பஸ் தடுமாறும், காத்து, மழை, ஒரு நாள்ல சில ஹெக்டேர்தான் எடுக்க முடியும், இருக்குறதோ 50 லட்சம் சதுர கிலோமீட்டர். அதனால படி வச்சு ஏறுறாங்க. ஒரு சதுர மீட்டர் போட்டோ ட்ரோனுக்கு சொல்லிக் குடுக்கும், ட்ரோன் சென்டினலுக்கு, சென்டினல் மொத்த மேப்புக்கு. ரேண்டம் ஃபாரஸ்ட்டோ யு-நெட்டோ எந்த மாடல வச்சாலும் அடிப்படையில நடக்குறது இதுதான், மேல போகப் போக கீழ செஞ்ச முடிவெல்லாம் பெருகும். ட்ரையாஸ் இலைக்கு என்ன லேபிள்னு சாட்ல சண்டை போட்டோமே, அந்த முடிவு மேல போய் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டருக்கு நிறம் குடுக்கும்.

அதனாலதான் பேப்பர்ல "மொத்த துல்லியம் 90 சதவீதம்"னு பாத்தா எனக்கு சந்தேகம் வருது. நூறு பிக்சல்ல எம்பது பாறையும் தண்ணியும்னு வைங்க, அத யாரு வேணா சரியா சொல்லிடலாம், மிச்சம் இருவதுல பாதிய தப்பா சொன்னாலும் 90 வந்துடும். அந்த மிச்சம் இருவதுலதான் லைக்கன் இருக்கு, குட்டை புதர் இருக்கு, அதுக்குத்தான் மேப்பே போட்டோம். கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ்ல, அதாவது எத எதுன்னு மாத்திச் சொல்லுச்சுன்னு காட்டுற அட்டவணையில, அந்த ஒரு வரிசைய மட்டும் பாருங்க, வேற எதையும் பாக்காதீங்க. இன்னொண்ணு, பழக்கின பிக்சலும் சோதிச்ச பிக்சலும் ஒரே படத்துல பக்கத்து பக்கத்துல இருந்தா அது பரீட்சைக்கு முன்னாடி கேள்வித்தாள காட்டின மாதிரி. வேற பள்ளத்தாக்குல, வேற வருஷத்துல வச்சு சோதிச்சா அந்த 90 எங்க நிக்குதுன்னு பாக்கணும். பெரும்பாலும் யாரும் அந்த நம்பர முதல் பக்கத்துல போடுறது இல்ல.

அதுவும் தரையில போய் பாத்த இடமெல்லாம் எங்க இருக்குன்னு மேப்ல போட்டுப் பாத்தா சங்கடமா இருக்கும். 2018ல வந்த ஒரு கணக்கு, ஆர்க்டிக் கள ஆய்வுகள மேற்கோள் காட்டுறதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ரெண்டே ரெண்டு இடத்த சுத்தி செஞ்ச ஆய்வுங்க, அலாஸ்காவுல டூலிக் ஏரி, ஸ்வீடன்ல அபிஸ்கோ. ரெண்டுக்கும் ரோடு இருக்கு, படுக்க இடம் இருக்கு, சாப்பாடு இருக்கு, வேற என்ன காரணம் வேணும். ஆர்க்டிக் நிலத்துல பாதி பக்கம் ரஷ்யாவுல இருக்கு, 2022ல உக்ரைன் போர் ஆரம்பிச்ச அப்புறம் அந்தப் பக்கத்து ஆராய்ச்சி நிலையங்களோட கூட்டு வேலை பெரும்பாலும் நின்னுடுச்சு. சாட்டிலைட்டுக்கு எல்லை கிடையாது, சைபீரியாவும் அதுக்கு அழகா தெரியும், மேப்புல நிறமும் வந்துடும், ஆனா அந்த நிறம் சரியான்னு போய் முழங்கால் போட்டு பாக்க ஆள் இல்ல. அலாஸ்காவுல கத்துக்கிட்ட மாடல் சைபீரியாவுக்கு ஜோசியம் சொல்லிக்கிட்டு இருக்கு.

தெற்கு துருவம் வேற மாதிரி. அண்டார்ட்டிகாவுல பனி இல்லாத நிலமே ஒரு சதவீதத்துக்கும் கீழ, பூக்குற செடி ரெண்டே வகை, ஒரு புல்லு, ஒரு குட்டி பூச்செடி. மிச்சம் எல்லாம் பாசி, லைக்கன், ஆல்கா. 2024ல ரெண்டு முக்கியமான வேலை வந்துச்சு. ஒண்ணு எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்து ஆளுங்க லேண்ட்சாட் படத்த வச்சு அண்டார்ட்டிக் தீபகற்பத்துல பாத்தது: 1986ல ஒரு சதுர கிலோமீட்டர் கூட இல்லாத பச்சை, 2021ல கிட்டத்தட்ட 12. இன்னொண்ணு எடின்பரோ குழு சென்டினல்-2ல மொத்த கண்டத்துக்கும் போட்ட மேப்: எல்லாம் சேத்து 44.2 சதுர கிலோமீட்டர். புலாவ் உபின் 10 சதுர கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல, அதாவது ஒரு கண்டத்துல அந்த மேப்புக்கு தெரிஞ்ச மொத்த செடியும் அஞ்சு உபின்ல அடங்கிடும். உபின்ல சைக்கிள் ஓட்டிக்கிட்டு போறப்ப இத நினைச்சு நினைச்சு எனக்கு தலை சுத்தும்.

தீபகற்பத்துல பச்சை பத்து மடங்குக்கு மேல பெருகிடுச்சுன்னு செய்தி ஓடினது ஞாபகம் இருக்கலாம். உண்மைதான், ஆனா ஆரம்பிச்சது ஒண்ணுக்கும் கீழங்கறத பாதி பேர் சொல்லல, 30 மீட்டர் பிக்சல்ல எல்லைக்கோட்ட தாண்டுற அளவுக்கு அடர்த்தியான பச்சைய மட்டும்தான் எண்ண முடியுங்கறதையும் சொல்லல. பாறை மேல மெல்லிசா ஒட்டியிருக்குற லைக்கன் இந்த கணக்குல பெரும்பாலும் வராது. திசை சரி, அளவு எப்பவும் குறைச்சலாத்தான் இருக்கும். கிழக்கு அண்டார்ட்டிகாவுல ஆஸ்திரேலியாவோட கேசி நிலையம் பக்கத்துல பாசிப் படுகைங்க இருக்கு, அங்க தாஸ்மானியா பல்கலைக்கழகத்து ஆர்கோ லூசியர் குழு ட்ரோன்ல பறந்து ஒவ்வொரு திட்டையும் பாத்தாங்க. அந்தப் பாசி நல்லா இருந்தா பச்சை, தண்ணி பத்தலன்னா சிவப்பு, சாகப் போறப்ப சாம்பல் கருப்பு. பச்சைய மட்டும் தேடுற கணக்குக்கு சிவப்பு பாசி கண்ணுலயே படாது, அதுவும் உயிரோடதான் இருக்கு. பனி மேலயே வளர பச்சை ஆல்கா வேற இருக்கு, அது மேப்புல செடின்னு வரும், அடியில மண்ணே கிடையாது. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது பென்குவின் கதை. 2009ல பிரிட்டிஷ் அண்டார்ட்டிக் சர்வேக்காரங்க லேண்ட்சாட் படத்துல பனி மேல பழுப்பு கறை தெரியுதுன்னு பாத்து, அது எம்பரர் பென்குவினோட எச்சம்னு கண்டுபிடிச்சு, யாருக்கும் தெரியாம இருந்த கூட்டங்கள கண்டுபிடிச்சாங்க. பறவை ஒண்ணு கூட அந்த படத்துல தெரியாது. எச்சம் தெரியும்.

அதே எச்சம்தான் ஸ்வால்பார்ட்ல கடற்பறவை கூடு கட்டுற மலைக்கு அடியில உரமாகி, சுத்தி எல்லாம் கல்லா கிடக்குறப்ப அந்த சரிவு மட்டும் பாசியும் புல்லுமா கொழுத்து கிடக்கும். இத நீங்களே பாக்கலாம், காசு வேணாம். கோப்பர்னிக்கஸ் பிரவுசர்னு தேடுங்க, ஐரோப்பாக்காரங்களோட சாட்டிலைட் படம் பாக்குற தளம், திறந்து ஸ்வால்பார்ட்ல இஸ்ஃபியோர்ட் வாய்க்குப் போங்க, வடக்கு கரையில அல்கோர்னெட்னு ஒரு மலை இருக்கும். சென்டினல்-2 எடுத்துக்கோங்க, தேதி ஜூலை கடைசி, மேகம் 20 சதவீதத்துக்கு கீழன்னு வைங்க, ஃபால்ஸ் கலர், அதாவது செடி சிவப்பா தெரியுற அந்த பொய் நிறம், தட்டுங்க. மலை அடிவாரத்துல ரத்தச் சிவப்பா ஒரு பட்டை தெரிஞ்சா அதுதான். அப்புறம் என்டிவிஐக்கு மாத்தி, பக்கத்துல சாம்பலா தெரியுற மேட்டையும் பாருங்க, அங்க 0.2, 0.3ன்னு வர இடத்துல கல்லு மட்டும்தான் இருக்கா லைக்கன் இருக்கான்னு உங்களால சொல்ல முடியுதான்னு பாருங்க. அந்த வருஷம் மேகமா இருந்தா முந்தின வருஷத்துக்குப் போங்க, 2016 கோடை வரைக்கும் பின்னாடி போகலாம்.